காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஒருநாள், மாலையில் கொயர் கச்சேரி: முழுமையான வழிகாட்டி

டிசம்பர் வந்தால் சென்னையில் பெரிய கொயர்கள் (பாடகர் குழுக்கள்) கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் நடத்தும். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஆலயங்களின் பாடகர் குழுக்கள் ஒருநாள் போய் அதைக் கேட்டுவிட்டுத் திரும்புவது நன்றாகவே நடக்கக்கூடிய காரியம். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டு மணி நேரம்.

புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் காலையிலிருந்து திட்டம் போடத் தொடங்குகிறார்கள். எந்த ரயிலில் கிளம்பலாம், எங்கே டிபன், எதைச் சுற்றிப் பார்க்கலாம் என்று வரிசையாகப் போய், கடைசியில் இரவு ரயில் கிடைக்காமல் கச்சேரியின் பாதியில் எழுந்து வருகிறார்கள். அல்லது பகல் முழுக்க அலைந்துவிட்டு அரங்கில் உட்கார்ந்ததும் தூங்கிப்போகிறார்கள். இரவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டால் இரண்டையும் தவிர்க்கலாம். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். மாற்றிச் செய்ய வேண்டாம்.

1. எப்போது முடியும் என்று கேளுங்கள்

அழைப்பிதழிலும் போஸ்டரிலும் தொடங்கும் நேரம்தான் இருக்கும், முடியும் நேரம் இருக்காது. நமக்கு வேண்டியது முடியும் நேரம். ஏற்பாட்டாளர்களின் எண்ணுக்கு அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை மணிக்கு முடியும், இடைவேளை உண்டா, தொடக்கத்திலோ நடுவிலோ உரைகள் இருக்கின்றனவா?

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பாட்டுகள் எத்தனை நிமிடம் என்று கொயருக்குத் தெரியும். ஆனால் சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை, நன்றியுரை என்று வந்தால் அரைமணி நேரம் கூடிவிடும். ஆறரைக்குத் தொடங்கும் நிகழ்ச்சி எட்டரைக்கு முடியும் என்று அவர்கள் சொன்னால் நீங்கள் ஒன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நாள் எது என்பதும் முக்கியம். சனிக்கிழமை நிகழ்ச்சியே நமக்குத் தோது. ஞாயிறு என்றால் காலையில் நம் ஆலயத்திலேயே பாட வேண்டியிருக்கும். கொயரை மொத்தமாகக் கூட்டிப் போனால் போதகர் தனியாக நின்று பாடவேண்டியதுதான். வெள்ளிக்கிழமை என்றால் பகலில் பார்க்க நினைக்கும் எழும்பூர் மியூசியம் விடுமுறை.

இன்னொன்று. அது கச்சேரியா, கீத ஆராதனையா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆராதனை என்றால் வேதபாடங்கள் வாசிப்பார்கள், சபையும் எழுந்து நின்று பாடும், கைதட்டல் இருக்காது. கச்சேரி என்றால் கேட்பதுதான் நம் வேலை. சேர்ந்து பாடலாம் என்று நம்பி வந்தவர்கள் கச்சேரியில் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

2. முதலில் திரும்பும் ரயில், அப்புறம்தான் மற்றதெல்லாம்

முடியும் நேரம் தெரிந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன் இரவு ரயிலைப் பதிவு செய்யுங்கள். கச்சேரி முடிவதற்கும் ரயில் கிளம்புவதற்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். எல்லோரையும் வெளியே திரட்டவே இருபது நிமிடம் ஆகும். மீதி சாலைக்கும் நடைமேடைக்கும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் மாலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் நமக்கு உதவாது. ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் காவேரி எக்ஸ்பிரஸும் ஆபத்து. 'ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம்' என்று அதில் போட்டவர்கள்தான் கடைசிப் பாட்டைத் தவறவிடுகிறார்கள். பத்து மணி வாக்கில் கிளம்பும் சேரன் எக்ஸ்பிரஸ், பதினொன்றை ஒட்டிக் கிளம்பும் பெங்களூரு மெயில் போன்றவைதான் நம் ரயில்கள். கால அட்டவணை அவ்வப்போது மாறும்; பதிவு செய்யும் அன்று நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். டிசம்பர் மாதம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். கேரளா போகும் ரயில்கள் பலவும் காட்பாடி வழியாகத்தான் போகின்றன. சபரிமலை சீசனில் அவற்றில் இடம் கிடைப்பது கடினம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் போகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு டிக்கெட். பெரியவர்கள் இருந்தால் அவர்கள் இருவர் இருவராகத் தனி டிக்கெட்டில், கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் போடுங்கள். 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. இளைஞர்களோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அது பொருந்தாது.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. முதல் நாள் தத்கால் பார்க்கலாம்: ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. அதையே நம்பிப் பத்துப் பேரைக் கிளப்புவது சரியில்லை. ஒருவருக்கோ இருவருக்கோ வேண்டுமானால் அது சரி.

'அரக்கோணம் வரைக்கும் புறநகர் ரயில் ஓடுகிறதே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அரக்கோணத்திலிருந்து காட்பாடி இன்னும் 60 கிலோமீட்டர். நள்ளிரவில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அங்கே நிற்கக் கூடாது. இரவு டிக்கெட் உறுதியாகவில்லை என்றால் சென்னையிலேயே தங்குவதற்கு ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் பயணத்தை விட்டுவிடுங்கள்.

வேன் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விடிகாலை வண்டி எடுத்த ஓட்டுநரே நள்ளிரவிலும் ஓட்டிவர வேண்டியிருக்கும். அந்தக் காரணம் ஒன்றே போதும் எனக்கு. பேருந்து என்றால், மேற்கு மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள் அந்த நேரத்தில் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகின்றன என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நகரின் பேருந்து நிலையங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

3. நுழைவு எப்படி என்று உறுதி செய்யுங்கள்

சென்னை கொயர் நிகழ்ச்சிகளில் மூன்று விதம் உண்டு. டிக்கெட் விற்பது, இலவச பாஸ் கொடுப்பது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிடுவது. இதில் நடு விதத்தில்தான் குழப்பம் வரும். 'அனுமதி இலவசம்' என்று போஸ்டரில் போட்டிருப்பார்கள், ஆனால் வாசலில் பாஸ் கேட்பார்கள். பாஸ் எங்கே, எந்தத் தேதி முதல் கிடைக்கும், ஒருவருக்கு எத்தனை என்று கேட்டு வாங்கிவிடுங்கள். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் வாங்கி வைக்கச் சொல்வது எளிது.

பாஸ் இருந்தாலும் இருக்கை எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் முதலில் வந்தவருக்கு முதல் இடம். அப்போது நீங்கள் எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்பது அதைப் பொறுத்து மாறும்.

சின்னப் பிள்ளைகளை அனுமதிப்பார்களா என்றும் கேளுங்கள். சில அரங்குகளில் வயது வரம்பு வைப்பார்கள். வாசலில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் வெளியே நிற்க, மற்றவர்கள் உள்ளே போவது எல்லோருக்கும் சங்கடம்.

4. குழுவை நான்கு நான்காகப் பிரியுங்கள்

பதினைந்து பேர் ஒரே கூட்டமாக நகர்ந்தால் சாலையைக் கடப்பதற்கே நேரம் போய்விடும். நான்கு பேருக்கு ஒரு பொறுப்பாளர். அவரிடம் மற்ற மூவரின் எண்ணும், ரயில் டிக்கெட்டின் நகலும், பாஸும் இருக்க வேண்டும். எல்லா டிக்கெட்டும் செயலர் அண்ணன் கைபேசியில் மட்டும் இருந்து, மாலை ஆறு மணிக்கு அவர் கைபேசி சார்ஜ் இறங்கிவிட்டால் எல்லோரும் தவிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு நால்வரிலும் சென்னை தெரிந்தவர் ஒருவராவது, பெரியவர்கள் இருந்தால் நடக்கத் தெம்புள்ள இளைஞர் ஒருவராவது இருக்கட்டும். பாட்டி ஒருவருக்குப் படியேறச் சிரமம் என்றால் அரங்கில் பால்கனி வேண்டாம் என்பது இப்போதே தெரிந்துவிடும்.

5. பாட்டுகளை முன்பே கேட்டு வையுங்கள்

பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். மொத்தப் பயணத்திலும் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் எண்ணம்.

நிகழ்ச்சியில் என்னென்ன பாட்டு என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். முழுப் பட்டியல் கிடைக்காவிட்டாலும் முக்கியமான ஒன்றிரண்டு தெரிந்தால் போதும். அவற்றை முந்தைய வாரப் பயிற்சியில் எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை பாட்டு மனதில் பதியட்டும். இரண்டாம் முறை உங்கள் குரல் பகுதியை மட்டும் பின்தொடருங்கள். ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவர் ஆல்ட்டோவை, டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறவர் டெனரை. சோல்ஃபா (டோ, ரே, மி என்று சுரங்களை எழுதும் முறை) படிக்கத் தெரிந்தவர்கள் நோட்டை எடுத்து விரலால் தொட்டுக்கொண்டே கேட்கலாம்.

காரணம் இது. நான்கு குரலில் பாடும் பாட்டை முதன்முறை கேட்கும் காது பெண்களின் மேல்குரலான சோப்ரானோவை மட்டுமே பிடித்துக்கொள்ளும், அது மேலே இருப்பதால். மற்ற மூன்றும் ஒரு பொதுவான ஓசையாகக் கலந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை தேடிப் பிடித்த குரலை அரங்கில் மறுபடி பிடிப்பது சுலபம்.

ஹாண்டல் என்ற இசையமைப்பாளரின் 'மேசியா' பாடுகிறார்கள் என்றால் வேதாகமத்தைத் திறந்து வையுங்கள். அதன் வார்த்தைகள் முழுவதும் வசனங்களே. டிசம்பரில் பல கொயர்கள் முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாகத்தின் முடிவில் வரும் அல்லேலூயாவை அதோடு சேர்த்துப் பாடுவார்கள். அப்படியானால் ஏசாயா 40-ஆம் அதிகாரத்தின் தொடக்கம், ஏசாயா 9:6, லூக்கா 2-இல் மேய்ப்பர்கள் வரும் பகுதி, வெளிப்படுத்தல் 19:6 இவற்றை வாசித்துவிட்டு வந்தால் ஆங்கிலம் அவ்வளவாக ஓடாதவர்களுக்கும் பாட்டு எங்கே போகிறது என்று விளங்கும். நம் பெரியவர்களுக்கு இந்த வசனங்கள் மனப்பாடம்; எந்தப் பாட்டில் எந்த வசனம் என்று சொல்லிவிட்டால் அவர்களே முன்னால் போய்விடுவார்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒரு சின்னத் தோள்பை, அவ்வளவுதான். பெரிய பையோடு அரங்குக்குள் விடமாட்டார்கள், அல்லது காலடியில் இடம் இருக்காது.

சால்வை அல்லது முழுக்கை ஸ்வெட்டர் கட்டாயம். சென்னையில் எதற்கு என்று தோன்றும். ஏசி அரங்கில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் புரியும். இரவு ரயிலிலும் அதுவே போர்வை. குடையும் வேண்டும், வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் தயங்காமல் பயணத்தை ரத்து செய்யுங்கள்.

இரவு வேளை மாத்திரையைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், வீடு திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து. வீடு திரும்ப நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடும். அதனால் மாத்திரை பையிலேயே வரட்டும். இருமல் மிட்டாய் கொண்டுவருபவர்கள் காகிதத்தை முன்பே உரித்து, சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய பாட்டின் நடுவே அந்தக் காகிதச் சத்தம் நாலு வரிசைக்குக் கேட்கும். அதே காரணத்துக்காகக் கேரி பேக்கும் வேண்டாம்.

அசல் அடையாள அட்டை, பவர் பேங்க், கொஞ்சம் சில்லறை.

7. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது

ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரல். ஆனால் அதற்கு வீட்டில் நான்கரைக்கு எழ வேண்டும். நான்கரைக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்கு அரங்கின் மங்கலான வெளிச்சத்தில் விழித்திருப்பது கடினம். 'நாள் வீணாகக் கூடாது' என்று விடியலிலேயே கிளம்பும் குழுக்களில்தான் மாலையில் அதிகம் பேர் தூங்குகிறார்கள்.

எல்லோரும் இளைஞர்கள் என்றால் ஏலகிரி சரி. பெரியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் பெங்களூரிலிருந்து வரும் லால்பாக் எக்ஸ்பிரஸ் போதும். நண்பகல் தாண்டிச் சென்ட்ரலில் இறக்கிவிடும். பகலில் பார்க்கும் இடம் ஒன்று குறையும், அதனால் நஷ்டம் இல்லை.

முன்பதிவில்லாத டிக்கெட்டில் போகிறவர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கு அந்த டிக்கெட்டை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அதனால் முதல் நாளே எடுத்து வைப்பதில் பலன் இல்லை.

சென்ட்ரலில் இறங்கியதும் மூன்று காரியம்: கழிப்பறை, தண்ணீர், சந்திப்பு இடத்தைக் காட்டுவது. இரவில் யாராவது பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பகல் வெளிச்சத்திலேயே எல்லோரையும் அங்கே நிறுத்திக் காட்டிவிடுங்கள். 'சென்ட்ரல் வாசலில்' என்றால் போதாது. அங்கே வாசல்கள் பல.

8. பகலில் ஒரே இடம், அதுவும் அரங்குக்குப் பக்கத்தில்

மெரினா, சாந்தோம், கோட்டை, தி.நகர் என்று பட்டியல் போடாதீர்கள். டிசம்பர் சென்னையில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவதற்கே பகல் தீர்ந்துவிடும். அரங்கு எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதியிலேயே ஓர் இடம் பாருங்கள். மாலையில் நகரைக் கடக்கும் வேலை மிச்சம்.

கொயர் நிகழ்ச்சிகளுக்குப் பேர்போன இடங்கள் எழும்பூரைச் சுற்றியே நிறைய: பாந்தியன் சாலை மியூசியம் தியேட்டர், சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலையில் சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கு, எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் கிர்க் ஆலயம். இவற்றில் எதுவானாலும் பகலுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பொருத்தம்.

அருங்காட்சியகத்தை முழுதாகப் பார்க்க நினைக்காதீர்கள். கட்டடங்கள் பல, நடை அதிகம். வெண்கலக் கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கேதான். இன்னும் தெம்பிருந்தால் அமராவதிச் சிற்பங்கள். அதோடு வெளியே வந்து மரநிழலில் உட்கார்ந்துவிடுங்கள்.

சென்ட்ரலிலிருந்து போக ஆட்டோக்களைத் தேட வேண்டாம். எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர், அதற்கடுத்தது சேத்துப்பட்டு. எழும்பூருக்கு மெட்ரோவிலும் ஒரே நிறுத்தம்தான்; மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மெட்ரோ மேல். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து அருங்காட்சியகம் ஒரு கிலோமீட்டர் வாக்கில். பெரியவர்களுக்கு அந்தத் தூரத்துக்கு மட்டும் ஆட்டோ வையுங்கள்.

9. மதியம் நன்றாக, மாலையில் அளவாகச் சாப்பிடுங்கள்

மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். எழும்பூர் ஸ்டேஷனைச் சுற்றி, கென்னட் லேன் பக்கம் ஓட்டல்களுக்குக் குறைவில்லை. பெரிய குழு என்றால் ஒரு மணிக்கு முன்பே போனால் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கும்.

அதன்பின் ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். இதை நேரப் பட்டியலில் எழுதியே வைக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது 'பக்கத்தில் ஒரு கடை இருக்கிறதாம்' என்று இழுத்துப் போய்விடுவார்கள். கச்சேரி கேட்பதும் ஒரு வேலைதான். அதற்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு இட்லியோ தோசையோ காபியோடு. இதைத் தவிர்த்துவிட்டு 'முடிந்ததும் சாப்பிடலாம்' என்றால் ஒன்பது மணிக்கு ஓட்டலில் இடம் தேடுவீர்கள், ரயிலும் காத்திருக்காது. இரவுக்குப் புளியோதரை, சப்பாத்தி என்று கெடாத ஏதாவது வீட்டிலிருந்து கொண்டுவந்து ரயிலில் சாப்பிடலாம். காலையில் கட்டிய தயிர்சாதம் இரவு வரை தாங்காது. ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும் நல்லது.

10. முக்கால் மணி முன்பே வாசலில் இருங்கள்

ஆறரை நிகழ்ச்சி என்றால் ஐந்தே முக்கால். இருக்கை எண் இல்லையென்றால் ஐந்தரை. தாமதமாக வருகிறவர்களை ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்தான் உள்ளே விடுவார்கள். நீளமான பாட்டு என்றால் அதுவரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே போவதற்கு முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வாருங்கள். இடைவேளை பதினைந்து நிமிடம் என்றாலும் பெண்கள் பக்க வரிசை அதற்குள் தீராது.

கைபேசியை அணைத்துவிடுங்கள், அல்லது ஃப்ளைட் மோடில் போடுங்கள். சைலண்ட் போதாது, மடியில் அதிர்வதும் பளிச்சென்று ஒளிர்வதும் பக்கத்தில் இருப்பவரைக் கலைக்கும். காலை எழுப்பவென்று வைத்த அலாரம் சாயங்காலத்துக்கும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

11. முன்வரிசை வேண்டாம்

நம் ஊர்ப் பழக்கத்தில் சீக்கிரம் வந்தவர்கள் முன்னால் ஓடிப்போய் உட்காருவார்கள். கொயருக்கு அது பொருந்தாது. முன்வரிசையில் உங்களுக்கு நேரே நிற்கும் நாலைந்து பேரின் குரல்தான் தனித்தனியாகக் கேட்கும். அத்தனை குரலும் கலந்து ஒன்றாவதற்குக் கொஞ்சம் தூரம் தேவை. அரங்கில் நடுப் பகுதி, எட்டாவது வரிசைக்குப் பின்னால் உட்காருங்கள். பால்கனி திறந்திருந்தால் அதன் முன்வரிசை அருமையான இடம்.

ஆலயத்தில் கணக்கு வேறு. உயர்ந்த கூரையின் கீழ் ஓசை நீண்டு ஒலிப்பதால் வெகு பின்னால் போனால் வார்த்தைகள் குழம்பிவிடும். பாதிக்கு முன்னால் உட்காருங்கள். தூணையும் பாருங்கள். கிர்க்கில் வட்டமான மண்டபத்தின் கூரையைப் பதினாறு தூண்கள் தாங்குகின்றன. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால், கையசைத்துக் கொயரை நடத்தும் கண்டக்டரைப் பார்க்கவே முடியாது. உட்கார்ந்ததும் தலையை நிமிர்த்தி அந்தக் குவிமாடத்தின் உள்பக்கம் பாருங்கள், நட்சத்திரங்கள் தீட்டியிருப்பார்கள்.

பெரியவர்களையும், அடிக்கடி எழ வேண்டியவர்களையும் வரிசையின் ஓரத்தில் உட்கார வையுங்கள்.

12. கேட்கும்போது எதைக் கவனிப்பது

நாமும் பாடுகிறவர்கள் என்பதால் நமக்கு இங்கே பாடம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. ஒரு பாட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டில் மூச்சைக் கவனியுங்கள். நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் வரி அறுந்துபோகும். நல்ல கொயரில் பக்கத்தில் நிற்பவரும் நாமும் வேறு வேறு இடத்தில் மூச்சு வாங்குவோம் என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். அதனால் வரி எங்கும் விட்டுப்போகாது.

அடுத்ததில் வார்த்தையின் முடிவு. ஆங்கிலப் பாட்டில் வரி 'ஸ்' ஒலியில் முடியும்போது அத்தனை பேரும் ஒரே கணத்தில் முடிக்கிறார்களா என்று கேளுங்கள். நம் குழுக்களில் இது சரவெடிபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும். கண்டக்டரின் கை அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தால் திருத்தும் வழியும் தெரியும்.

வாத்தியம் இல்லாமல் பாடும் பாட்டு வந்தால், சுருதி எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். பியானோவில் ஒரு தட்டு, அல்லது கண்டக்டர் மெல்ல முனகிக் காட்டுவது, அதற்குள் நான்கு பகுதியும் தங்கள் முதல் சுரத்தைப் பிடித்திருக்கும். பாட்டு முடியும்போது அவர்கள் நிற்கும் சுரம் பியானோவின் சுரத்தோடு பொருந்தினால் சுருதி இறங்கவில்லை என்று அர்த்தம்.

தமிழ்க் கீர்த்தனை ஒன்றை நான்கு குரலில் பாடினால் அதுதான் நமக்கு மிக முக்கியமான பாட்டு. ஆலயத்தில் எல்லோரும் ஒரே குரலில் பாடிப் பழகிய மெட்டை, மற்ற குரல்கள் எங்கே தாங்குகின்றன, எங்கே ஒதுங்கி வழிவிடுகின்றன என்று கேளுங்கள். ஊர் திரும்பி நாமும் செய்துபார்க்கக்கூடியது அது.

கைதட்டல் விஷயம்: பல பகுதிகள் சேர்ந்த நீளமான படைப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் தட்டமாட்டார்கள். கண்டக்டர் கையை முழுதாகக் கீழே இறக்கி, நம் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். அல்லேலூயா தொடங்கியதும் சபை எழுந்து நிற்பது வழக்கம். பாட்டியும் எழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வீடியோ எடுக்காதீர்கள். பல நிகழ்ச்சிகளில் அனுமதியும் இல்லை. கையைத் தூக்கிப் பிடித்திருப்பவர் பாட்டைக் கேட்பதில்லை, பின்னால் இருப்பவரையும் பார்க்கவிடுவதில்லை.

13. எழ வேண்டிய நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள்

நிகழ்ச்சி நீண்டுகொண்டே போனால் எத்தனை மணிக்கு எழுவது என்று உள்ளே போகுமுன் ஒரு நேரம் குறித்துவிடுங்கள். பத்து மணி ரயில் என்றால் ஒன்பது, பதினொரு மணி ரயில் என்றால் ஒன்பதே முக்கால். அந்த முடிவை ஒருவர் எடுக்கட்டும். அரங்குக்குள் இருட்டில் பதினைந்து பேர் குசுகுசுவென்று விவாதிக்க முடியாது. எழ வேண்டி வந்தாலும் பாட்டின் நடுவில் வேண்டாம், கைதட்டல் நேரத்தில் எழுந்து போங்கள்.

முடிந்ததும் கொயர்க்காரர்களைப் பார்த்துப் பேச ஆசையாக இருக்கும். பேசுங்கள், பத்து நிமிடம். நம் கொயர் மாஸ்டரை அவர்களின் கண்டக்டரிடம் கூட்டிப் போய் ஒரு பாட்டின் நோட் எங்கே கிடைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

வாசலில் நால்வர் நால்வராக நின்று எண்ணிக்கை பாருங்கள். சென்ட்ரலுக்கு மறுபடி மெட்ரோ அல்லது மின்சார ரயில். நிகழ்ச்சி முடிந்த நேரத்தில் அரங்கு வாசலில் எல்லோரும் ஒரே சமயத்தில் வாடகை வண்டி தேடுவார்கள். கட்டணம் ஏறும், வண்டியும் வராது. பெரியவர்களுக்கு மட்டும், இடைவேளையிலேயே ஒரு ஆட்டோவுக்குச் சொல்லி வையுங்கள்.

14. இரவு ரயிலில் தூங்கிப்போகாமல் இறங்குவது

நாம் ஏறும் ரயில் காட்பாடியோடு நிற்காது. ஜோலார்பேட்டை தாண்டி விடியும்வரை போய்க்கொண்டிருக்கும். காட்பாடியில் சில நிமிடம்தான் நிற்கும். ஆகவே பெர்த் கிடைத்ததே என்று எல்லோரும் படுத்துவிடாதீர்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் படுக்கட்டும். பெட்டிக்கு இருவர் விழித்திருக்கட்டும், அரக்கோணத்தில் வேறு இருவர் மாறிக்கொள்ளட்டும். காட்பாடிக்கு இருபது நிமிடம் முன்னால் கைபேசியில் அலாரம் வையுங்கள். ரயில் தாமதமானால் நேரத்தை மாற்றி வையுங்கள்.

இரண்டு மூன்று பெட்டிகளில் இடம் பிரிந்திருந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பொறுப்பாளர். அரக்கோணம் தாண்டியதும் மற்ற பெட்டிகளுக்கு அழைத்துப் பேசிவிட வேண்டும்.

காட்பாடியிலிருந்து வேலூருக்குள் போக அந்த நேரத்தில் டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. தெரிந்த ஆட்டோக்காரர் இருவரிடம் முதல் நாளே சொல்லி, ரயில் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். ரயில் எங்கே வருகிறது என்று அவர்களே பார்த்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நடைமேடையை விட்டு வெளியே வருவதற்கு முன் கடைசியாக ஒருமுறை தலைகளை எண்ணுங்கள். தனியாகப் போகும் பெண்களையும் பெரியவர்களையும் முதல் ஆட்டோவில் ஏற்றுங்கள், வீடு சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.